சதுர அடிக் கணக்கில் வராத செலவுகள்... புதுவீடு கட்டியபோது நாங்கள் கற்றவை!

கண்டாச்சிபுரத்தில் இருந்த எங்கள் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, புதுவீடு கட்டலாம் என்று அப்பா 2024-ல் முடிவெடுத்தார். தரைத்தளம் மட்டும், 800 சதுர அடி. சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்றார் மேஸ்திரி. மொத்தம் 17,60,000. பேங்க் லோன் 12 லட்சம், அப்பாவின் சேமிப்பு 6 லட்சம். "சரியா வந்துடுச்சு" என்று நோட்டை மூடினார் அப்பா. வீடு கட்டி முடித்தவர்கள் இந்த இடத்தில் சிரித்திருப்பீர்கள்.

அனுமதிக்கு அலைச்சல் இல்லை. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு, சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி தரும் திட்டம் அந்த ஜூலையில்தான் வந்திருந்தது. பட்டா அப்பா பெயரில் இருந்ததால் லோனும் கிடைத்தது. ஆவணியில் பூமி பூஜை போட்டோம்.

ஆயா சொன்ன மூணு அடி

பேஸ்மென்ட் ரெண்டு அடி போதும் என்றார் மேஸ்திரி. எங்கள் ஆயா விடவில்லை. "ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் ரோடு உசருது. வீடு பள்ளமாப் போயிடும்டா, மூணு அடி ஏத்து" என்றார். கல், மண், கூலி என்று கூடுதலாக 60,000 ரூபாய். அப்பா முணுமுணுத்தார்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. எங்கள் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. எங்கள் தெருவில் ரெண்டு அடியைத் தாண்டித் தண்ணீர் நின்றது. பேஸ்மென்ட் மேல் ஏறவில்லை. அந்த 60,000 பற்றி அப்பா அதற்குப் பிறகு பேசவே இல்லை.

தளம் போட்டால் பாதிதான்

தளம் போட்ட அன்று எல்லோருக்கும் பிரியாணி. "வீடு முடிஞ்சிடுச்சு" என்று சொந்தக்காரர்கள் வாழ்த்தினார்கள். பணம் கரைவது அதற்குப் பிறகுதான். ஒப்பந்தத்தில் டைல்ஸ் சதுர அடிக்கு 45 ரூபாய்; கடையில் அம்மாவுக்குப் பிடித்தது 70 ரூபாய். போர், செப்டிக் டேங்க், கரன்ட் இணைப்பு, சுற்றுச்சுவர், கேட் ஆகியவை ஒப்பந்தத்திலேயே வராது. எங்கள் பக்கம் பாறை பூமி. போர் போட அடிக்கணக்கில் காசு.

லோன் பணமும் மொத்தமாக வராது. பேஸ்மென்ட், லின்டல், தளம் என ஒவ்வொரு கட்டம் முடிந்து, பேங்க் இன்ஜினீயர் பார்த்த பிறகே அடுத்த தவணை. ஆனால், கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும். அதற்குக் கையில் ரொக்கம் இருக்க வேண்டும்.

இன்னொன்று, தண்ணீர் விடுவது வீட்டுக்காரர் வேலை. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், பிபிசி சிமென்ட்டுக்கு 10 நாள். அப்பா தினமும் விடியற்காலையில் ஹோஸ் பைப்போடு நிற்பார்.

அம்மாவின் சங்கிலி

சித்திரையில் கணக்குப் பார்த்தபோது 4 லட்சம் இடித்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்தார். தங்கச்சியின் காலேஜ் ஃபீஸ் கட்டும் மாதமும் அதுதான். அப்பா சங்கிலியைத் தொடவில்லை.

"எதெல்லாம் இல்லாம குடிபோக முடியும்னு பாருங்கப்பா" என்றாள் தங்கச்சி. பட்டியல் போட்டோம். சுற்றுச்சுவர், கேட், போர்டிகோ, மாடுலர் கிச்சன் எல்லாவற்றையும் அடித்ததும் பற்றாக்குறை ஒரு லட்சமாகச் சுருங்கியது. அதை என் சேமிப்பிலிருந்து கொடுத்தேன். சங்கிலி அம்மா கழுத்துக்கே போனது.

வைகாசியில் பால் காய்ச்சினோம். "காம்பவுண்டுகூட இல்லையா?" என்று கேட்டவர்களிடம், "உள்ள வந்து பாயசம் சாப்பிடு" என்றார் ஆயா.

நீங்களும் கட்டப்போகிறீர்களா? மேஸ்திரி சொல்லும் தொகையோடு கால் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். எது சேரும், எது சேராது என்பதை எழுதி வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கான ஜி.எஸ்.டி 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. அது உங்களுக்கு லாபம். முக்கியமாக, எதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பட்டியலை பூமி பூஜைக்கு முன்பே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து போட்டுவிடுங்கள். கேட் அடுத்த வருஷம்கூட வைக்கலாம்.