ஓவியங்கள் வாங்கிக் கொடுத்த இயந்திரம்

அடிலெயிட்

அன்புள்ள அக்கா,

அத்தான் டயலிசிசுக்காக விடியப்புறம் நாலு மணிக்கே எழும்பி பஸ் பிடிக்கிறார், போகிற நாள் முழுக்கப் பயணம், அடுத்த நாள் முழுக்கக் களைப்பு என்று எழுதியிருந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கிட்ட அறை எடுத்து இருக்கச் சொல்லிப் பிள்ளைகள் கேட்டதற்கு, “வயலை விட்டிட்டு அங்க போய்ப் படுத்துக்கிடந்து, உயிரோட இருந்து என்ன?” என்று அவர் மறுத்துவிட்டாராம். அவரைப் பிடிவாதக்காரர் என்று ஏசாதீர்கள். இதே கேள்வியைக் கேட்ட மனிதர்கள் இந்த நாட்டின் நட்டநடுப் பாலைவனத்தில் இருக்கிறார்கள். கேட்டதோடு நில்லாமல் அதற்கு ஒரு வழியும் கண்டார்கள். அந்தக் கதையை அத்தானுக்கு ஆறுதலாக வாசித்துக் காட்டுங்கள்.

அவுஸ்திரேலியாவின் வரைபடத்தில் நடுவே அலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊர் இருக்கும். அந்த நிலத்துக்குரிய அரெண்டா மக்களுக்கு அது ம்பார்ன்ட்வே. அங்கிருந்து மேற்கே செம்மண் பாதையில் 500 கிலோமீற்றருக்கு மேல் போனால் கின்டோர் என்ற குடியிருப்பு வரும். சில நூறு பேர்தான். பின்துபி மொழி பேசும் பூர்வகுடிகள். 1950களிலும் 60களிலும் அரசின் ரோந்துக் குழுக்கள் இவர்களைப் பாலைவனத்தின் உட்பகுதிகளிலிருந்து கொண்டுவந்து பப்புன்யா என்ற அரசுக் குடியேற்றத்தில் வைத்தன. வெவ்வேறு மொழி பேசும் பல கூட்டத்தார் ஓரிடத்தில் நெருக்கப்பட்ட இடம் அது. நோயும் சாவும் மலிந்திருந்தன. பின்துபி மக்களுக்கு அங்கே மனம் ஒட்டவே இல்லை. 1981இல் தங்கள் சொந்த நிலத்துக்குத் திரும்பிப்போய்க் கின்டோரை அமைத்தார்கள். சில ஆண்டுகளில் இன்னும் மேற்கே, மாநில எல்லை கடந்து, கிவிர்குராவும் எழுந்தது. இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, மீளக் குடியேறிய எங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

திரும்பிப் போனவர்களை நோய் பின்தொடர்ந்தது. வேட்டையும் கிழங்கும் விதையும் உண்டு வாழ்ந்தவர்களுக்கு ஒரு தலைமுறைக்குள் வெள்ளை மாவும் சீனியும் தேயிலையும் பங்கீடாகக் கிடைத்தன. நெரிசலான வீடுகள், குளிக்கவும் துவைக்கவும் போதிய வசதியின்மை, சிறுவயதில் திரும்பத் திரும்ப வரும் தோல் புண்கள், எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகள், இவை எல்லாம் சிறுநீரகத்தைத்தான் போய்த் தாக்குகின்றன. பின்னர் நீரிழிவும் இரத்த அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். மத்திய அவுஸ்திரேலியாவின் பூர்வகுடிகளிடையே சிறுநீரகச் செயலிழப்பு நாட்டின் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். நோயாளியின் தீனிப்பழக்கம் என்று அதைச் சுருக்குகிறவர்களை நான் இங்கே நிறையக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சு எனக்குக் கோபத்தை வரவழைக்கும். மாவும் சீனியும் யார் கொடுத்தது?

சிறுநீரகம் நின்றுபோனால் வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலைந்து மணிநேரம் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு இருக்கவேண்டும். இயந்திரம் இருந்தது அலிஸ் ஸ்பிரிங்சில். ஆகவே கின்டோரில் ஒருவருக்கு நோய் முற்றினால் அவர் ஊரை விட்டே போகவேண்டும், திரும்பி வருவதற்கு நாள் குறிக்காமல். பட்டணத்தில் சொந்த மொழி பேச ஆளில்லை. விடுதியிலோ உறவினரின் நெரிசலான வீட்டிலோ ஒண்டிக் கிடக்கவேண்டும். அந்த மக்களுக்கு நிலம் வெறும் குடியிருக்கும் இடமல்ல. இன்ன பாறைக்கு, இன்ன நீரூற்றுக்கு இன்னார் பொறுப்பு என்று பிறப்போடு வரும் கடமை உண்டு. அதற்குரிய பாடலும் சடங்கும் அந்த இடத்திலே நின்று பேரப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவை. சிறுநீரகம் பழுதானவர்களில் மிகப் பலர் அப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டிய வயதில் இருந்த மூத்தவர்கள். ஒருவரைப் பட்டணத்துக்கு ஏற்றியபோது ஊரின் பள்ளிக்கூடமே ஏறிப்போனது. சிலர் டயலிசிசை விட்டுவிட்டு, சாவது உறுதி என்று தெரிந்தும், வீட்டுக்குப் போனார்கள்.

கின்டோருக்கே இயந்திரத்தைக் கொண்டுவாருங்கள் என்று அந்த மக்கள் கேட்டார்கள். அதிகாரத்திலிருந்தவர்களின் பதில் தூரம், செலவு, தண்ணீர், மின்சாரம், தாதிமார் என்று நீண்டது. சாதாரணத் தடைகள் அல்ல அவை. ஒரு தடவைச் சுத்திகரிப்புக்கு 120 லீற்றருக்குக் குறையாமல் மிகத் தூய நீர் வேண்டும். குழாய்க்கிணற்று உவர் நீரை அந்த அளவுக்கு வடிகட்டுவது சின்ன வேலையில்லை. ஆனாலும் முடியாது என்ற பதிலை அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை.

இங்கேதான் ஓவியம் வருகிறது, அக்கா. 1971இல் பப்புன்யாப் பள்ளிக்கூடத்துக்கு ஜெஃப்ரி பார்டன் என்ற இளம் ஆசிரியர் வந்தார். மண்ணிலும் உடலிலும் தாங்கள் வரைந்துவந்த கோலங்களை ஊரின் மூத்தவர்கள் பள்ளிச் சுவரில் தேனெறும்பின் கதையாக வரைந்தார்கள். ஆங்கிலப் பாடம் மட்டுமே எழுதியிருந்த கட்டடத்தில் அவர்களுடைய அறிவு முதன்முதலாக ஏறிய நாள் அது. பிற்பாடு அந்தச் சுவர் வண்ணம் பூசி மறைக்கப்பட்டது. அதற்குள் அட்டையிலும் பலகையிலும் கன்வசிலும் ஓவியங்கள் பெருகிவிட்டன. 1972இல் ஓவியர்களே உரிமையாளர்களாக ‘பப்புன்யா டூலா’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். புள்ளிபுள்ளியாக, வட்டமும் வளைகோடுமாக நீங்கள் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். அலங்காரம் போலத் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு நிலத்தின் கதை. மூதாதையர் நடந்த வழி, தண்ணீர் கிடைத்த இடம், யாருக்கு அந்தக் கதையைச் சொல்ல உரிமை என்பது வரை அதற்குள் இருக்கிறது. வெளியாருக்குக் காட்டக்கூடாததைக் காட்டாமல் வரையவும் அவர்களுக்குத் தெரியும்.

நோயாளிகளை வீட்டுக்குக் கொண்டுவர அந்த ஓவியர்கள் தூரிகையை எடுத்தார்கள். கின்டோர் ஆண்கள் சேர்ந்து ஒன்று, பெண்கள் சேர்ந்து ஒன்று, கிவிர்குரா ஆண்களும் பெண்களும் தனித்தனியே ஒவ்வொன்று என்று நான்கு பெரிய கூட்டு ஓவியங்கள். பலர் கூடித் தரையில் விரித்து, சுற்றியிருந்து வரைந்தவை. இவற்றோடு வேறு பல ஓவியங்களும் சேர்த்து 2000ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் திகதி சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் ஏலம் விடப்பட்டன. பத்து லட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. அரசு இல்லை என்றதை ஓவியம் வாங்கிக் கொடுத்தது. 2003இல் நோயாளிகளையும் அவர்களின் குடும்பத்தாரையும் நிர்வாகத்தில் கொண்ட அமைப்புப் பதிவானது. 2004இல் கின்டோரில் இயந்திரம் ஓடத் தொடங்கியது.

அந்த ஓவியங்களை வரைந்த மூத்தவர்களில் பலர் இன்று இல்லை. அவர்களின் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. இறந்தவரின் பெயரை உச்சரிக்காமல் இருப்பது அந்த மண்ணின் வழக்கம். இங்கே தொலைக்காட்சியில் கூட, காலமானவர்களின் குரலோ படமோ வரலாம் என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். அந்த மரியாதையை நானும் காக்க விரும்புகிறேன்.

அமைப்பின் நீண்ட பின்துபி-லுரிட்ஜாப் பெயரை வெளியார் சொல்லத் தடுமாறுவதால் எல்லாரும் அதை ‘பர்ப்பிள் ஹவுஸ்’ என்கிறார்கள். அலிஸ் ஸ்பிரிங்சில் உள்ள அவர்களின் வீடு கத்தரிப்பூ நிறம். போன குளிர்காலத்தில் அலிஸ் போனபோது அதைப் பார்க்கவென்றே போனேன். உள்ளே இயந்திரங்கள், நாற்காலிகள், தாதிமார். வெளியே முற்றத்தில் நெருப்பு, கங்காரு வால் வாட்டும் மணம், நிழலில் குந்தியிருக்கும் உறவுகள், நாய்கள். சிகிச்சை முடிந்தவர் உடனே எழும்பிப் போகவேண்டும் என்ற அவசரம் இல்லை. காட்டு மூலிகையில் தைலம் காய்ச்சி விற்கும் வேலையும் நோயாளிகள் கையில் நடக்கிறது. நோயாளி என்றால் வாங்கிக்கொள்கிறவர் மட்டும்தான் என்ற எண்ணத்தை அந்த முற்றம் ஏற்பதில்லை. நான் கண்ட மருத்துவ இடங்களில், நோயாளி தன் வீட்டில் இருப்பதுபோல இருந்தது அங்கேதான்.

2011 முதல் அவர்களிடம் ஒரு லொறியும் இருக்கிறது. உள்ளே இரண்டு டயலிசிஸ் நாற்காலிகள். இன்னும் நிலையம் இல்லாத ஊருக்கு அது போய் நிற்கும். பட்டணத்தில் இருப்பவர் செத்தவீட்டுக்கோ சடங்குக்கோ பேரப்பிள்ளையைப் பார்க்கவோ ஊருக்குப் போய்ச் சில கிழமைகள் தங்கலாம். ஒரு செத்தவீட்டுக்குப் போக முடியாமல் இங்கே தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு அழுதவள் நான். அந்த லொறியின் அருமை எனக்குத் தெரியும்.

இடையில் பட்ட பாட்டையும் சொல்லவேண்டும். 2009இல், அலிஸ் ஸ்பிரிங்சும் கின்டோரும் அடங்கிய வட பிரதேசத்தின் அரசு, பிற மாநிலங்களிலிருந்து புதிதாக வரும் சிறுநீரக நோயாளிகளை அலிஸ் ஸ்பிரிங்சில் ஏற்க இடமில்லை என்றது. கிவிர்குரா இருப்பது மேற்கு அவுஸ்திரேலியாவில். ஆகவே அங்குள்ளவர் தன் மொழியும் உறவும் இருக்கும் அலிசை விட்டு, கல்கூர்லிக்கோ பேர்த்துக்கோ போகவேண்டும் என்றாயிற்று. யாரோ வெள்ளைக்காரர் வரைபடத்தில் நேராக இழுத்த கோடு, ஒரே குடும்பத்தின் நடுவே ஓடியது. எதிர்ப்பு எழுந்தது, பேச்சுவார்த்தைகள் நடந்தன. கிவிர்குராவுக்கே இயந்திரம் வந்தது பின்னாளைய வெற்றி. 2018 நவம்பரிலிருந்து, மிகத் தொலைவான இடங்களில் தாதியோ பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளரோ செய்யும் டயலிசிசுக்கு மத்திய அரசின் மெடிகெயர் திட்டமே பணம் கொடுக்கிறது. ஓவியம் விற்றுத் தொடங்கிய ஒன்றுக்கு அரசின் கணக்குப் புத்தகத்தில் தனி இலக்கம் கிடைக்கப் பதினெட்டு ஆண்டுகள் எடுத்தன. இன்று வட பிரதேசம், மேற்கு, தெற்கு அவுஸ்திரேலியா மூன்றிலும் பாலைவன ஊர்களில் அவர்களின் நிலையங்கள் இருக்கின்றன.

இங்கே ஒவ்வொரு ஜூலையிலும் பூர்வகுடிகளின் பண்பாட்டைப் போற்றும் நெய்டொக் வாரம் கொண்டாடுவார்கள். அதன் வேர் 1938 ஜனவரி 26இல், வெள்ளையர் வந்திறங்கிய நூற்றைம்பதாவது ஆண்டு விழா நடந்த அதே நாளில், சிட்னியில் பூர்வகுடித் தலைவர்கள் நடத்திய துக்க நாளில் இருக்கிறது. இப்போது ஆட்டம், பாட்டு, ஓவியக் கண்காட்சி, கொடியேற்றம் எல்லாம் உண்டு. எங்கள் தமிழர் நிகழ்வுகளிலும் தொடக்கத்தில், இது கௌர்னா மக்களின் நிலம் என்று வணக்கம் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் மேடையில் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த ஆண்டு வரை மறந்திருப்பது எனக்கு உறுத்துகிறது. 2023 ஒக்ரோபர் 14இல், பாராளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லப் பூர்வகுடிகளுக்கு ஒரு குரல் வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தது. பத்தில் ஆறு பேர் வேண்டாம் என்றார்கள். பூர்வகுடிகள் வாழும் வட பிரதேசத்தின் தொலைதூர வாக்குச் சாவடிகளில் பெரும்பான்மை ஆம் என்றது. அந்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. அந்த மக்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதற்குக் கின்டோரே விடை. எங்களுக்கு என்ன தேவை என்பது எங்களுக்குத் தெரியும், வழி மட்டும் விடுங்கள் என்பதுதான் அது. அவர்கள் நடத்தும் சிகிச்சை நிலையத்தைத் தாங்கிப் பிடிப்பதைத்தான் நான் பண்பாட்டுக் கொண்டாட்டம் என்று எண்ணுகிறேன். மூத்தவர் ஊரில் இருந்தால்தானே பாட்டு இருக்கும்.

ஊருக்குப் போகிறவர்கள் பூமராங்கும் புள்ளி ஓவியத் துவாயும் வாங்கிக் கொண்டுபோவார்கள். உற்பத்தித்திறன் ஆணைக்குழு 2022இல் வெளியிட்ட அறிக்கைப்படி, பூர்வகுடிப் பாணி நினைவுப் பொருட்களுக்குச் செலவாகும் பணத்தில் பாதிக்கு மேல் அந்த மக்களோடு தொடர்பே இல்லாத போலிகளுக்குத்தான் போகிறது. நான் இப்போது ஓவியர்களே நடத்தும் கலை நிலையங்களில் மட்டும்தான் வாங்குகிறேன், மற்றவர்களையும் அப்படியே வாங்கச் சொல்லுகிறேன். விலை கூடத்தான். வரைந்தவரின் கைக்குக் காசு போகும்.

அந்த டயலிசிஸ் நிலையங்களின் பெரிய குறை ஆளில்லாமை. பாலைவன ஊரில் தனியே நின்று வேலை செய்யும் டயலிசிஸ் தாதிமார் கிடைப்பது கஷ்டம். ஆளில்லாவிட்டால் இயந்திரம் இருந்தும் நோயாளி பட்டணத்திலேயே காத்திருக்க வேண்டும். இங்கே எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் தாதியர் படிப்புப் படிக்கிறார்கள், அக்கா! எல்லாருக்கும் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிதான் கனவு. எங்கள் சின்னமாமாவின் பேத்தி மட்டும் சிறுநீரகப் பிரிவில் அனுபவம் சேர்த்துவிட்டு, ஆறு மாதம் பாலைவனத்தில் வேலை செய்யப்போகிறேன் என்று நிற்கிறாள். தாய்க்குப் பயம். தனிப் பெண், 500 கிலோமீற்றர் மண் பாதை, தொலைபேசி எடுக்காத இடம் என்று என்னிடம் வந்து அழுதாள். நான் பிள்ளையின் பக்கம்தான் நின்றேன். வருகிற சனிக்கிழமை மணல் பாதையில் வாகனம் ஓட்டப் பழகும் வகுப்புக்கு அவளை நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி