மூன்றாவது கம்பி

மின்சாரத்திற்கு அரபு மொழியில் ‘கஹ்ரபா’ என்று பெயர். சொல்லின் பிறப்பிடம் பாரசீகம். ‘காஹ்’ என்றால் வைக்கோல். ‘ருபா’ என்றால் பறிப்பது. மரப்பிசின் இறுகிக் கல்லாகிய நிமிளையை உரசினால் அது வைக்கோல் துரும்பைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். அதைக் கண்ட முன்னோர் அக்கல்லுக்கு ‘வைக்கோல் பறிப்பான்’ என்று பெயரிட்டனர். ஆங்கிலத்தின் ‘எலக்ட்ரிசிட்டி’யும் நிமிளையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததே. துரும்பைப் பறிக்கும் அதே ஆற்றல், காவல் தவறினால் உயிரையும் பறிக்கும் என்று மாணவர்களிடம் சொல்வது என் வழக்கம். அந்தக் காவல் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு பயணத்தில் கண்ணாரக் கண்டேன்.

என் மூத்த மகன் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பணிபுரிகிறான். 2023 ஜூன் மாதம் நானும் என் துணைவியாரும் அங்குச் சென்றிருந்தபோது, மருமகளையும் நான்கு வயதுப் பேரனையும் சேர்த்து எங்கள் அனைவரையும் டெக்சாஸ் மாநிலத்தின் மேற்கிலுள்ள பாலைநிலத்தைக் காண அழைத்துச் சென்றான். நாங்கள் சென்றது டிராவல் டிரெய்லர் என்னும் இழுவை வீட்டில். அதற்குச் சொந்தமாக எஞ்சின் கிடையாது. பிக்கப் வண்டியின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்ல வேண்டும். உள்ளே படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, குளியலறை, ஏ.சி. எல்லாம் உண்டு. வழியில் தங்குவதற்கென்று இடங்கள் இருக்கின்றன. வாடகை கொடுத்தால் வண்டி நிறுத்த ஓர் இடமும், குடிநீர்க் குழாயும், மின்சாரம் எடுக்க ஒரு கம்பமும் தருவார்கள்.

அந்தக் கம்பத்தில்தான் விஷயம் இருக்கிறது. அதில் பெரும்பாலும் இரு வகைத் துளைகள் காணப்படும். ஒன்று 30 ஆம்பியர், மூன்று பின் கொண்டது; 120 வோல்ட்டில் 3,600 வாட் வரை தரும். மற்றொன்று 50 ஆம்பியர், நான்கு பின் கொண்டது. தலா 120 வோல்ட் உள்ள இரண்டு இணைப்புகளைத் தரும். வெயிலிலும் மழையிலும் நின்று, நாள்தோறும் யார் யாரோ செருகியும் பிடுங்கியும் தேய்ந்துபோன கம்பம் அது. அதை அமைத்தவர் யார், கடைசியாகச் சோதித்தது எப்போது என்பதை வந்து நிற்கும் பயணி அறிய மாட்டார். ஆயினும் தன் மனைவி மக்கள் உறங்கும் வீட்டை அதோடுதான் இணைக்கிறார்.

இணைப்பதற்கு முன் என் மகன் ஒரு கையடக்கமான பெட்டியை எடுத்தான். அதற்குச் சர்ஜ் புரொடெக்டர் என்று பெயர். முதலில் கம்பத்தின் பிரேக்கரை அணைத்தான். பெட்டியைக் கம்பத்தில் செருகி, பிரேக்கரைப் போட்டு, பெட்டியின் விளக்குகளைப் படித்தான். எல்லாம் சரியென்று கண்டபின் மீண்டும் அணைத்து, வண்டியின் கேபிளைப் பெட்டியில் பூட்டி, அதன் பிறகே மின்சாரத்தை உள்ளே விட்டான்.

இப்பெட்டிகளில் இரண்டு தரம் உண்டு. எளிய பெட்டி, மின்னல் போன்றவற்றால் திடீரென எழும் மின்னழுத்த அலையை மட்டும் தாங்கும். அதனுள் துத்தநாக ஆக்ஸைடால் செய்த சிறு வில்லைகள் இருக்கின்றன. வழக்கமான மின்னழுத்தத்தில் அவை வாளாவிருக்கும். அழுத்தம் எல்லை மீறினால் அந்த அலையைத் தம் வழியே திருப்பிவிடும். எத்தனை ஜூல் ஆற்றலைத் தாங்கும் என்று பெட்டியின் மேல் எழுதியிருப்பார்கள். ஒவ்வோர் அடியிலும் அவை சிறிது தேய்கின்றன. ஒருநாள் தம்மையே பலிகொடுத்து வண்டியைக் காக்கின்றன.

உயர்தரப் பெட்டியோ வாயிற்காவலர் போன்றது. வாயிற்காவலருக்கு அரபியில் ‘ஹாஜிப்’ என்பர். கண்ணுக்கு மேலே காவல் நிற்கும் புருவத்துக்கும் அதே பெயர்தான். இந்தக் காவலர் வருகின்ற மின்சாரத்தை நிறுத்தி வைத்து விசாரிக்கிறார். அழுத்தம் 104 வோல்ட்டுக்குக் கீழே போனாலும், 132 வோல்ட்டுக்கு மேலே போனாலும் இத்தகைய பெட்டிகள் பல இணைப்பைத் துண்டித்துவிடும். குறைந்தால் என்ன தீங்கு என்று கேட்கலாம். அழுத்தம் குறைந்தால் ஏ.சி. மோட்டார் கூடுதலான மின்னோட்டத்தை இழுத்து, சூடேறிக் கருகும். துண்டித்த பின் உடனே திறப்பதும் இல்லை. கம்ப்ரஸர் ஓய்வு கொள்வதற்காக இரண்டு நிமிடங்களுக்கு மேல் காத்திருந்தே மீண்டும் அனுமதிக்கும். நம் வீட்டு ஸ்டெபிலைசரைப் போலக் குறைந்த மின்சாரத்தை உயர்த்திக் கொடுக்கும் வேலை இதற்குக் கிடையாது. இதன் வேலை ஆம் அல்லது இல்லை என்று சொல்வது மட்டுமே.

நியூட்ரல் கம்பி அறுந்தால் தெருவில் பல வீடுகளில் தொலைக்காட்சி கருகுவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். 50 ஆம்பியர் இணைப்பிலும் அதே ஆபத்து உண்டு. நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு பக்கம் அழுத்தம் தாழ, மறுபக்கம் 240 வோல்ட்டை நோக்கி ஏறும். காவல் பெட்டி அதையும் கண்டுபிடிக்கும்.

இரண்டாம் நாள் மாலை நாங்கள் ஒரு தங்குமிடத்தை அடைந்தபோது வெயில் 40 டிகிரியைத் தாண்டியிருந்தது. மகன் வழக்கம்போல் பெட்டியைச் செருகினான். எர்த் இணைப்பு இல்லை என்று காட்டி, பெட்டி மின்சாரத்தை உள்ளே விட மறுத்தது. அலுவலகம் மூடியிருந்தது; மற்ற இடங்களும் நிரம்பியிருந்தன. பக்கத்து வண்டியிலிருந்த முதியவர் நல்லெண்ணத்தோடு வந்து, “அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு நேராகச் செருகுங்கள். ஏ.சி. நன்றாக ஓடும்” என்றார். அவர் சொன்னது உண்மைதான். எர்த் இல்லாவிட்டாலும் விளக்கு எரியும், ஏ.சி. ஓடும். அதுவே அதன் வஞ்சகம்.

பேரனின் முகம் வெப்பத்தால் சிவந்திருந்தது. “ஓர் இரவுதானே மாமா, பிள்ளை தூங்க வேண்டாமா?” என்று மருமகள் என்னிடம் கேட்டாள். தாயின் கேள்வியில் நியாயம் இருந்தது. மகன், “வாப்பா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று என் முகத்தைப் பார்த்தான்.

எனக்கு எங்கள் தெருவில் நடந்த ஒரு மவுத்து நினைவுக்கு வந்தது. என்னிடம் ஓதிய மாணவன் ஒருவனின் தாயார், ஈரக் காலோடு நின்று கிரைண்டரில் மாவு அரைத்துக்கொண்டிருந்தார். சுவரில் இரண்டு துளைதான் இருந்தது என்பதற்காக, யாரோ பிளக்கின் மூன்றாவது பின்னை எப்போதோ வெட்டியிருந்தார்கள். பல மாதங்கள் கிரைண்டர் குறையின்றி ஓடியது. உள்ளே ஒரு கம்பியின் உறை தேய்ந்த நாளில், கசிந்த மின்சாரத்துக்குப் பூமிக்குச் செல்ல அந்த அம்மையாரின் உடம்பைத் தவிர வேறு வழியில்லை. அந்த ஜனாஸாவை நான் தொழவைத்தேன். பத்து வயதுச் சிறுவன் முதல் வரிசையில் நின்றான்.

இதை மருமகளிடம் சொன்னேன். மகன் மேலும் விளக்கினான்: டிரெய்லர் ரப்பர்ச் சக்கரங்களின் மேல் நிற்பதால் பூமியோடு அதற்குத் தொடர்பில்லை. ஏதேனும் ஒரு கருவியில் கசிவு இருந்து, எர்த்தும் இல்லையென்றால், வண்டியின் உலோக உடல் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஈர மண்ணில் கால் வைத்துக் கதவுப் பிடியைத் தொடுபவர்தான் அகப்படுவார். நாள் முழுதும் வெறுங்காலோடு இறங்கி ஏறிக்கொண்டிருந்தவன் எங்கள் பேரன். மருமகள் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. சன்னல்களைத் திறக்கத் தொடங்கினாள்.

அன்றிரவு பேட்டரி விளக்கே துணை. குளிர்பெட்டி சமையல் வாயுவில் இயங்கியது. என் துணைவியார் துணியை நனைத்துப் பிழிந்து, பேரனின் மார்பில் மாற்றி மாற்றிப் போட்டபடி விழித்திருந்தார். நள்ளிரவுக்குப் பின் பாலைநிலம் குளிர்ந்தது, பிள்ளையும் உறங்கினான். காலையில் தங்குமிடத்தின் மின்பணியாளர் வந்து கம்பத்தைத் திறந்தார். எர்த் கம்பி திருகாணியிலிருந்து கழன்று, துருப்பிடித்துத் தொங்கியது. கால் மணி நேரத்தில் சரிசெய்துவிட்டார்.

அந்த முதியவர் பொய் சொல்லவில்லை. தங்குமிடத்தாரும் வஞ்சகர் அல்லர். நல்லவர்கள் நடத்தும் இடத்திலும் கம்பி கழன்றுபோகும். வந்த வாசலில் நின்று சோதிப்பது யாரையும் சந்தேகிப்பது ஆகாது. நம்மை நம்பி உறங்குகிறவர்கள் நமக்கு அமானிதம். அந்த அமானிதத்தைப் பேணும் வழிகளில் அதுவும் ஒன்று.

ஊர் திரும்பியதும் மதரஸா விடுதியில் மின்பணியாளரை அழைத்து ஒவ்வொரு பிளக்கையும் பார்க்கச் சொன்னேன். இஸ்திரிப் பெட்டி ஒன்றிலும், தண்ணீர் மோட்டாரிலும் எர்த் இல்லை. இரண்டையும் சரிசெய்ததோடு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் காப்பு சுவிட்சையும் பொருத்தினோம். வாசகர்கள் இன்று தம் வீட்டுக் கிரைண்டரின் பிளக்கைக் கழற்றி, அதில் மூன்றாவது பின் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இருந்தால், சுவரில் அதற்குரிய துளைக்குப் பின்னால் கம்பி இருக்கிறதா என்று தெரிந்தவரைக் கொண்டு சோதிக்கட்டும்.