அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?

ஜப்பானிய மொழி தமிழ் பேசுகிறவனுக்குப் பாதி இலவசம். 'தபேதே மிரு' என்றால் சாப்பிட்டுப் பார்ப்பது. கண்ணால் பார்க்கிற அதே வினையைத்தான் முயன்று பார்ப்பதற்கும் அவர்கள் போடுகிறார்கள், நம்மைப் போலவே. 'கத்தே ஒகு' வாங்கி வைப்பது, 'மொத்தே குரு' கொண்டு வருவது. சொல்லுக்குச் சொல் அடுக்கினாலே வாக்கியம் நின்றுவிடும். இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அந்த வழக்கு எப்படிப் போனால் என்ன, என் சித்தி மகனுக்கு லாபம். திருநெல்வேலியில் மெக்கானிக்கல் படித்துக்கொண்டே நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போய், டிசம்பரில் ஜே.எல்.பி.டி. எழுதி என்3 தேறிவிட்டான்.

ஆனால் அந்தத் தேர்வில் ஒரு வாக்கியம்கூட வாய் திறந்து பேச வேண்டாம். கேட்கலாம், வாசிக்கலாம், கட்டத்தை நிரப்பலாம். வேலைக்கான நேர்காணல் முழுக்கப் பேச்சு.

அதற்கு முன்னால் ஒரு கன்சல்டன்சி குறுக்கே வந்தது. மூன்று லட்சம் கட்டினால் ஜப்பானில் வேலை நிச்சயம் என்றார்கள். சித்தி சங்கிலியை அடகு வைக்கத் தயாராகிவிட்டாள். நான் ஜப்பானிய வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் என்னைக் கேட்டார்கள். எந்த விசா என்று கேட்கச் சொன்னேன். 2019 ஏப்ரலில் வந்த 'தொகுதேய் கினோ' என்கிற தனித்திறன் தொழிலாளர் விசாவாம், உணவுத் தொழிற்சாலையில். அதன் முதல் படியில் மொத்தம் ஐந்து வருடம்தான். குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. பட்டதாரிக்கான பொறியாளர் விசா வேறு. அதைப் புதுப்பிக்கலாம், மனைவி மக்களைக் கூட்டிப்போகலாம். தொழிற்சாலை வேலை கேவலம் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் 'ஜப்பான் வேலை' என்று ஒரே பெயரில் விற்கிறார்கள். பதிவு பெற்ற ஏஜெண்டே சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்பது நம் அரசு விதி. சங்கிலி சித்தி கழுத்திலேயே இருந்தது.

பிறகு வாட்ஸ்அப்பில் நேர்காணல் பயிற்சி. ஜப்பானில் புதுப் பட்டதாரியிடம் கட்டாயம் வரும் கேள்வி ஒன்று உண்டு: மாணவப் பருவத்தில் எதில் அதிகம் உழைத்தீர்கள்? அதற்கு 'கக்குசிகா' என்று செல்லப் பெயரே இருக்கிறது. தம்பி தன் சி.ஜி.பி.ஏ.வைச் சொன்னான். அரியர் கிடையாது என்றான். நம் கல்லூரிகளில் பெருமையாகச் சொல்ல அதுதான் இருக்கிறது. அங்கே மதிப்பெண்ணைவிட ஆள் எப்படிப்பட்டவன் என்றுதான் பார்க்கிறார்கள்; தொழிலை உள்ளே எடுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொள்வார்கள்.

"2023 டிசம்பர் வெள்ளத்துல என்னலே பண்ணுன?" என்று கேட்டேன். அவன் ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு அங்கே சிக்கி நின்ற அதே வெள்ளம். கரண்ட் இல்லை, போன் இல்லை. எந்த வீட்டில் யாருக்கு என்ன மாத்திரை தீர்ந்துபோச்சு என்று தெருத்தெருவாக நோட்டில் எழுதி, டிராக்டரில் போய் வாங்கி வந்திருக்கிறார்கள்.

"அது ப்ராஜெக்ட் இல்லியேண்ணே."

அதைத்தான் சொல்ல வைத்தேன். நன்றாகவே சொன்னான், ஆனால் முழுக்க 'நாங்க'. நாங்க போனோம், நாங்க எழுதினோம். அதில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நேர்காணல் செய்பவர் கேட்பார் என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. நோட்டுப் போடச் சொன்னது அவன்தான். அதைச் சொன்னால் கூட வந்த பையன்களுக்குத் துரோகம் மாதிரி இருக்கிறதாம். அடக்கத்துக்குப் பேர்போன தேசத்தில் வேலை வாங்க 'நான்' என்று சொல்லப் பழக வேண்டியிருந்தது. இது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் படுகிறது.

அதைவிடக் கஷ்டம் அப்பா. அடுத்தவர் அப்பா 'ஒதோசான்'. வெளியாளிடம் தன் அப்பாவைச் சொல்லும்போது வெறும் 'சிசி', மரியாதை வினையும் கிடையாது. வேலைக்குச் சேர்ந்தபிறகும் இதேதான்: வாடிக்கையாளர் போன் செய்தால் சொந்த மேலாளர் பெயரில் இருக்கும் 'சான்' உதிர்ந்துவிட வேண்டும். நம்மவர் என்றால் நம்மோடு சேர்ந்து அவரும் தாழ்ந்து நிற்கிறார். எங்கள் பக்கம் 'அப்பா சொன்னாவ' என்றுதான் வாயில் வரும். "அப்பாவை எப்டிண்ணே 'சொன்னான்'னு சொல்ல?" என்றான். அப்படி இல்லலே என்று விளக்கினேனே தவிர, எனக்கும் பழக நாளாயிற்று. நேர்காணலில் ஒரு தடவை 'ஒதோசான்' வந்துவிட்டதாம். அவர்கள் சிரித்தார்களாம், கோபமாக இல்லை.

'நைத்தேய்' என்கிற வேலை உறுதிக் கடிதம் வந்துவிட்டது. அதில் அவன் முதலில் தேடியது விசா வகையை. பொறியாளர்தான். ஆனால் அங்கே புதியவர்கள் சேர்வது ஏப்ரல் 1; இங்கே படிப்பு முடிவது மே. பதினோரு மாதம் வீட்டில் இருக்க வேண்டும். வேலை கிடைத்த பையன் ஏன் சும்மா இருக்கான் என்று தெருவில் கேட்கிறார்களாம். சித்தி கடிதத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறாள். சித்தப்பாவுக்குக் கவலையில்லை, வாழைக்குத் தண்ணி பாய்ச்ச அதுவரை ஒரு ஆள் இருக்கு என்கிறார்.