செஞ்சி மலையும் சேதிப் பெண்களும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தூரத்தில் செஞ்சி இருக்கிறது. ஊர் கண்ணுக்குப் புலப்படுமுன்பே குன்றுகள் வந்து வரவேற்கின்றன. அரக்கர் வீட்டுக் குழந்தைகள் விளையாடிவிட்டுப் போட்டபடி போய்விட்டார்களோ என்று எண்ணும்படி பாறைமேல் பாறை கிடக்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் மதிலால் வளைத்துக் கட்டிய கோட்டை இது. மராட்டியரின் கோட்டைகள் பன்னிரண்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம் பெற்றது செஞ்சி ஒன்றுதான்.

ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. சிறுவர்கள் முன்னால் ஓட, பெரியவர்கள் நாலு படிக்கு ஒரு தரம் இயற்கை அழகை ரசிக்கும் பாவனையில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினோம். உச்சியை நெருங்குகையில் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள ஒரு பிளவு குறுக்கிடுகிறது. அதன்மேல் உள்ள பாலத்தை எடுத்துவிட்டால், மேலே நிற்கும் ஒரு சிலரே பெரும்படையைத் தடுத்துவிடலாம். சிவாஜியின் குமாரர் ராஜாராம் இங்கே அடைக்கலம் புகுந்ததும், ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட நேர்ந்ததும் இதனால் நன்கு விளங்குகின்றன.

கோட்டை என்றதும் நாம் மதிலையும் பீரங்கியையுமே நினைக்கிறோம். உச்சியிலுள்ள மணிக்கூண்டும் காவல் மேடையும் வேறொரு பாடத்தைச் சொல்லுகின்றன. தொலைவில் எழும் புழுதியைக் கண்டவன் அதை உடனே, பிழையில்லாமல், கீழே உள்ளவனுக்கு அறிவித்தாக வேண்டும். அந்தச் சேதி தவறினால் மதில் எவ்வளவு உயர்ந்திருந்தும் பயன் என்ன?

கிருஷ்ணகிரியை மக்கள் ராணிக் கோட்டை என்கிறார்கள். 1714-இல் ராஜா தேசிங்கு ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்டான். அவனுடைய இளம் ராணி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகவே ராணிப்பேட்டை எழுந்தது என்பது வழக்கு. யுத்தத்தில் பெண் என்றால் நம் மனக்கண் முன் தோன்றுவது அந்தத் தீதான். ஆனால் காவல் மேடையின் வேலையைப் பெண்கள் ஏற்றுச் செய்த யுத்தமும் ஒன்று உண்டு. அது நம் பாட்டிமார் காலத்தில் நடந்தது.

1942 ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பின்மீதும், 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்தின்மீதும், 9-ஆம் தேதி திருகோணமலையின்மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. சென்னைவாசிகள் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு விரைந்தார்கள். பகைவரின் கப்பல்கள் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்பதே அப்போது பெரிய காவலாக இருந்தது. கொழும்புக்கு அருகே ஆண்டர்சன் என்ற நிலையத்தில் பிரிட்டிஷ் கடற்படைப் பெண்கள் காதுக் கருவிகளை மாட்டிக்கொண்டு, இரவும் பகலும் முறைவைத்து ஜப்பானியத் தந்திக் குறிகளைக் கேட்டு எழுதினார்கள். ஆங்கிலத்துக்கு 26 எழுத்துக் குறிகள் போதும். ஜப்பானியத்துக்கோ ஏறக்குறைய இரு மடங்கு. ஒரு புள்ளி தவறினால் பொருளே மாறிவிடும். கரையில் வேலை என்பதால் ஆபத்து இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1941 ஆகஸ்டில் ஜிப்ரால்டருக்குச் சென்ற அகிலா என்ற கப்பல் மூழ்கடிக்கப்பட்டபோது, சங்கேத வேலைக்கும் கம்பியில்லாத் தந்தி வேலைக்கும் புறப்பட்ட 21 கடற்படைப் பெண்கள் மாண்டனர்.

நம் நாட்டிலும் 1942-இல் பெண்கள் துணைப்படை ஒன்று தொடங்கி, அதன் கடற்படைப் பிரிவு 1944-இல் தனிப்பெயர் பெற்றது. அப்பெண்கள் கப்பல் ஏறிப் போரிடவில்லை. துறைமுக அலுவலகங்களில் சேதிகளையும் சங்கேதங்களையும் கையாண்டனர். அவர்களுள் ஓர் அதிகாரியான கல்யாணி சென் 1945-இல் பிரிட்டனுக்குச் சென்று, ஸ்காட்லாந்தின் ரொசைத் துறைமுகத்தைப் பார்வையிட்டார்.

தலைவர்கள் சிறையில் வாட, அந்நிய அரசின் உடுப்பை அணிவது தகுமா என்ற கேள்வி அன்று எழாமல் இருந்திருக்க முடியாது. இன்றும் அது எளிய கேள்வி அல்ல. எனினும் கற்ற வித்தை கற்றவருக்கே சொந்தம். கற்பித்தவன் அதைத் திரும்பப் பெற முடியாது. 1946 பிப்ரவரி 18-ஆம் தேதி ஆங்கில ஆட்சியை அதிரவைத்த கடற்படை எழுச்சி, பம்பாயில் சேதித் தொழில் கற்பித்த 'தல்வார்' பள்ளியிலேதான் மூண்டது. சேதி அனுப்பப் பழக்கிய கைகள் அன்று தேசத்துக்கே சேதி அனுப்பின.

சுதந்திரம் வந்தபின், யுத்தகாலத்துப் பெண்கள் பிரிவு தொடரவில்லை. மருத்துவம் நீங்கலான பிற பிரிவுகளில் பெண்கள் அதிகாரிகளாக வர 1992 வரையும், மாலுமிகளாகச் சேர 2022 வரையும் காத்திருக்க நேர்ந்தது. ஒரு தலைமுறை செய்து காட்டிய வேலையை 'பெண்களால் முடியுமா?' என்று இன்னொரு தலைமுறை முதலிலிருந்து கேட்டது. மறதிக்கு நாம் கொடுத்த விலை அது.

தீயில் புகுந்த ராணிக்கு ஓர் ஊரே நினைவுச் சின்னமாக நிற்கிறது, நிற்கட்டும். இரவெல்லாம் விழித்திருந்து, காதைக் கூர்மையாக்கி, ஊர் உறங்கக் காவல் காத்தவர்களுக்கு ஊர் வேண்டாம். செஞ்சியைக் காட்ட நம் பெண் குழந்தைகளை அழைத்துப் போகும்போது, தேசிங்கின் கதையோடு இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்வோமானால் அதுவே போதும்.