புண் கட்டும் அறையில்

செங்கற்சூளையிலிருந்து கைப்புண்ணோடு வரும் பெண்ணிடம், "எத்தனை நாளாயிற்று அம்மா?" என்று செவிலியராகிய நாங்கள் வினவுகின்றோம். விடையோ அருகில் நிற்கும் மேஸ்திரியிடமிருந்து வருகின்றது. சீழ் பிடிக்கும்வரை காட்டாத புண். ஊர்ப்பெயரைக் கேட்டாலும் அவர் முகத்தையே நோக்கும் கண்கள். வறுமை மட்டுமன்று இது.

அவர் எதிரில் மேலும் கேட்பது தகாது; அவளுடைய பிள்ளைகள் சூளையில் இருக்கின்றனர். புண் கட்டும் அறைக்குள் பிறர் வரலாகாது என்பது விதி. நல்ல விதி! அங்கே, "முன்பணம் எவ்வளவு? நினைத்தால் ஊருக்குப் போகலாமா?" என்கின்றோம்.

"கணக்குத் தீரலையே, சிஸ்டர்."

1976-ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமைக் கடனை அறவே நீக்கிவிட்டதைச் சொல்கின்றோம். அவள் இசைந்தால், விடுதலைச் சான்று வழங்கும் கோட்டாட்சியருக்குச் செய்தி போகும். அஞ்சினாளாயின், மூன்றாம் நாள் கட்டு மாற்ற வரவேண்டுமென மேஸ்திரியின் காதுபடச் சொல்லிச் சீட்டிலும் எழுதுகின்றோம்.