பெயர் பெற்ற ஊரும் பெயரறியாக் கைகளும்

ஓர் அழகிய சிலையைக் கண்டால், "ஆகா, என்ன அழகு!" என்கிறோம். "எந்த ஊர்ச் சிலை?" என்றும் கேட்கிறோம். ஆனால், "யார் செய்தது?" என்று கேட்பவர் எத்தனை பேர்?

கல்வராயன் மலையையும் அங்கிருந்து இறங்கி வரும் கோமுகி ஆற்றையும் சொல்லி எங்கள் ஊரை அறிமுகப்படுத்துவது எங்கள் வழக்கம். இப்போது இன்னொன்றையும் பெருமையோடு சொல்கிறோம். 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி வழங்கப்படும் இக்குறியீடு, பிற இடங்களில் செய்த பொருளை எங்கள் ஊர்ப் பெயரால் விற்பதைத் தடுக்கிறது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டங்களில் இக்கலை பரம்பரையாக வாழ்ந்து வருகிறது.

கோடை விடுமுறையில், கைத்தொழில் ஆசிரியையுடன் நாங்கள் பத்துப் பேர் ஒரு சிற்பக்கூடத்துக்குச் சென்றோம். வாசலெங்கும் மரத்தூள், உள்ளே 'டொக் டொக்' என்று கொட்டாப்புளியின் ஓசை. முதியவர் ஒருவர் வாகைக் கட்டை ஒன்றில் அம்மன் உருவம் செதுக்கிக்கொண்டிருந்தார். மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னர் வெடித்துவிடும் என்றார். முகத்தின் நீளத்தைத் 'தாளம்' என்னும் அளவாகக் கொண்டே உடல் முழுவதையும் வகுக்கிறார்கள். முதலில் பெரிய உளி, பிறகு சிறிய உளிகள், அதன்பின் அரம், கடைசியில் உப்புத்தாள். மண்ணில் பிசகினால் ஒட்டலாம். மரத்திலோ போனது போனதுதான்! வேலைப்பாடு மிகுந்த சிலைக்கு வாரக்கணக்கில் உழைக்க வேண்டுமாம்.

"ஐயா, சிலையில் உங்கள் பெயரை எங்கே பொறிப்பீர்கள்?" என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். "சாமி மேல எம்பேரு எதுக்கும்மா? கும்பிடறவங்க சாமியைப் பாத்தா போதும்" என்றார். பின்னர் சிறிது நேரம் உளியைத் தீட்டிக்கொண்டிருந்துவிட்டு, "எம்மவன் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயிட்டான். எனக்கப்புறம் இந்த உளியை யார் எடுப்பாங்கன்னு தெரியலை" என்றார். எங்களில் ஒருவருக்கும் பேச வரவில்லை.

அவருடைய பணிவு உயர்ந்தது. ஆனால், அந்தப் பணிவையே காரணமாக வைத்து நாம் அவரை மறந்துவிடலாமா? சூசையப்பரும் தச்சர்தாம் என்று போற்றும் எங்கள் சிற்றாலயத்திலும் மரச்சுரூபம் உண்டு. செய்தவர் பெயர் அதில் இல்லை.

இந்நிலை நம் நாட்டில் மட்டுமன்று. ஆப்பிரிக்க மக்கள் கைகளால் செதுக்கிய முகமூடிகளும் உருவங்களும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களை நிறைத்துள்ளன. அவற்றுள் பலவற்றின் சீட்டில் இனத்தின் பெயர் உண்டு. சிற்பியின் பெயர் இல்லை. எடுத்துச் சென்றவர்கள் பெரும்பாலும் அதைக் கேட்கவே இல்லை. நைஜீரிய நாட்டில் ஈக்கெரே அரண்மனைக்காகச் செதுக்கப்பட்ட கதவு 1924இல் இலண்டன் வெம்பிளி கண்காட்சியில் வைக்கப்பட்டு, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அதைச் செய்தவர் ஈசே ஊரைச் சேர்ந்த ஓலோவே. அவர் 1938இல் மறைந்தார். பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் அவர் பெயரைத் தேடி எழுதி வைத்ததால், அவருடைய பிற படைப்புகளும் இன்று அடையாளம் காணப்படுகின்றன. பெயர் தெரிந்ததும் 'ஏதோ ஒரு பழைய கதவு' ஒரு மனிதரின் படைப்பாகிவிட்டது!

நம் சட்டத்திலும் இதற்கு ஒரு வழி உண்டு. குறியீடு பெற்ற பொருளைச் செய்பவர், அதன் 'அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்' என்று தம் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். விற்கும் கடைக்காரர் சிலையோடு சிற்பியின் பெயரும் ஊரும் எழுதிய சிறு அட்டை ஒன்றைக் கொடுத்தால், சாமி மேல் பெயர் பொறிக்க வேண்டிய தேவையும் இராது. தந்தையின் பெயரை ஊர் மதித்துச் சொல்வதைக் கேட்டால், எந்த மகனுக்கும் அந்த உளியைத் தொட்டுப் பார்க்கத் தோன்றாதா?

அன்புத் தோழியரே, ஊருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. இனி அந்தக் கைகளுக்கும் கிடைக்கட்டும். அடுத்த முறை ஒரு மரச்சிற்பத்தைக் காணும்போது, விலையைக் கேட்பதற்கு முன் செய்தவர் பெயரைக் கேளுங்கள்!