பனங்கொட்டைக்கு

அன்புள்ள பனங்கொட்டைக்கு,

உன்னைப் பெற்ற மரத்தைப் புகழ ஆட்கள் நிறைய உண்டு. கற்பகதரு என்றார்கள். ‘தால விலாசம்’ என்னும் நூல் அதன் பயன்களை 801 என்று எண்ணிப் பாடியது. வில்லியம் பெர்கியூசன் அந்த மரத்துக்கென்றே 1850இல் கொழும்பில் ஒரு நூல் வெளியிட்டார். 1978இல் பனையின் பெயரில் ஓர் அபிவிருத்திச் சபை அமைந்தது. யாழ்ப்பாணத்துக் கைதடியில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சூப்பிவிட்டு வளவில் எறிகிற உனக்கு யார் கடிதம் எழுதப் போகிறார்கள்? உன்னால் உண்டு வளர்ந்தவன் நான். எழுதுகிறேன்.

பனங்கொட்டையே, ஆவணி மாதத்து விடியற்புறங்களுக்காக முதல் நன்றி. இருட்டோடு இருட்டாகப் பழம் ‘தொப்’பென்று விழும். மாடு போய்ச் சேருமுன் நாங்கள் போய்ச் சேர வேண்டும். அம்மம்மா அதை நெருப்பில் வாட்டி, தோலை உரித்து, பிய்த்துத் தருவா. ஒரு பழத்துக்குள் பெரும்பாலும் நீங்கள் மூன்று பேர், ஆளுக்கொன்று. தும்பை இழுத்து இழுத்துச் சூப்ப, வாயும் மூக்கும் மஞ்சளாகி, பல்லிடுக்கெல்லாம் தும்பு மாட்டும். மிஞ்சிய பழங்களைப் பிசைந்து களி எடுத்து, பாயில் பூசிக் காயவிட்டு, காய்ந்ததன்மேல் மறுபடி பூசி, பனாட்டாகத் தட்டில் ஏற்றி வைப்பா. ஒரு பங்கு களி மாவும் சீனியும் சேர்ந்து பணியாரமாகும். அந்த வாசம் ஒழுங்கை முனைவரை வரும். வெளியூர் போனால் எங்களைப் ‘பனங்கொட்டை சூப்பி’ என்று பழிப்பார்கள். சூப்பினோம்தான். அந்த ருசி தெரிந்த ஒருவன் அதற்காகத் தலை குனிய வேண்டியதில்லை.

பனங்கொட்டையே, சூப்பி முடித்த பிறகுதான் உன் கொடையே தொடங்குகிறது. காஷ்மீரத்து அக்ரூட்டை உடைத்துப் பருப்பைத் தின்றால் அதோடு அதன் கதை முடிந்தது. உன்னை மண்ணுக்குள் வைத்தால் நீ வேறொரு உணவாகித் திரும்பி வருகிறாய். மாரி மழைக்கு முன்னே பொருபொருத்த மண்ணை மேடாக உயர்த்திப் பாத்தி கட்டி, உங்களை நெருக்கி அடுக்கி மூடிவிடுவோம். நீ முளைக்கிற விதம் எனக்கு இன்றும் அதிசயம். மற்றப் பல விதைகள் முளையை மேலே அனுப்ப, நீ ஒரு குழாயை நிலத்துக்குள் இறக்குகிறாய். அதன் நுனியில் உன் கருவும் கீழே போகிறது. கொட்டை மேலே கிடக்க, உயிர் ஆழத்தில் இருக்கிறது. வற்றாத ஆறில்லாத குடாநாடு இது. சுண்ணக்கல்லுக்கு மேலே கொஞ்ச மண்; மார்கழியோடு மழை ஓய்ந்தால் பிறகு மாதக்கணக்கில் வெயில். இந்த நிலத்தில் பிழைக்கும் வழியை நீ முளைக்கும்போதே அறிந்திருக்கிறாய்.

பனங்கொட்டையே, பாத்தி தந்ததையெல்லாம் நினைக்கிறேன். கத்தியால் உன்னைப் பிளந்தால் உள்ளே பூரான் என்கிற வெள்ளைச் சதை. சிறுவர்களின் பங்கு அது. தை, மாசியில் பாத்தியைக் கிண்டினால் கிழங்கு. அவித்துத் தும்பை உரித்து, பச்சை மிளகாயும் உள்ளியும் மிளகும் போட்டு உரலில் இடித்த துவையலுக்கு ஈடு நான் கண்டதில்லை. அவித்துப் பிளந்து காயவிட்டால் புழுக்கொடியல். தேங்காய்ச் சொட்டோடு கடித்தால் பொழுது போவது தெரியாது. அவிக்காமல் காயவிட்டால் ஒடியல். அந்த மாவை ஊறவிட்டுக் கசப்புத் தண்ணீரை வடித்து, மீன், நண்டு, இறால், பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் வெந்த பானைக்குள் செத்தல் மிளகாய்க் கூட்டும் பழப்புளியுமாகக் கரைத்து விட்டால் கூழ். பலா இலையைக் கோலி ஈர்க்குக் குத்தி, முற்றத்தில் வட்டமாக இருந்து குடிப்போம். தனி ஆளுக்கென்று கூழ் காய்ச்சிய வீட்டை நான் அறியேன். அயலையும் கூப்பிட வைத்தவன் நீ. கிழங்கை முறித்த பின் வெறும் ஊமலாகி அடுப்புக்குள் போனாய். மிஞ்சிய கரியால் பல் துலக்கினோம்.

பனங்கொட்டையே, 1990க்குப் பிந்திய, போரோடு வந்த பொருளாதாரத் தடைக் காலத்தை நீ அறிவாய். சவர்க்காரம் கிடைக்கவில்லை, உன்னைச் சுற்றியிருந்த களியால் உடுப்புத் தோய்த்தோம். வெயிலில் உலர்ந்த சட்டையிலும் பழவாசம் இருக்கும். மா வராத நாட்களில் ஒடியற் பிட்டு அவிந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்துச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து மழைக்குள் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது எங்கள் உரப்பைக்குள் அரிசியோடு ஒடியலும் இருந்தது. போன இடத்தில் அரிசி முதலில் முடிந்தது.

பனங்கொட்டையே, அந்தப் போரில் உன் இனத்தவர் பட்டதையும் இங்கே சொல்ல வேண்டும். பதுங்குகுழிகளுக்குக் குற்றியாகப் பனைகள் தறிக்கப்பட்டன. முகமாலைப் பக்கம் ஷெல் பட்டுத் தலையில்லாமல் நின்றவற்றை ஏ9 வீதியால் போனவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பனைக்குக் குருத்து ஒன்றே. தலை போனால் மரமும் போயிற்று. அடியில் கன்று வெடிக்காது, கிளை ஒடித்து நட வழியில்லை. இழந்த ஒவ்வொரு பனைக்கும் ஈடு நீ மட்டுந்தான். குளக்கட்டுகளிலும் கடலோரங்களிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உன்னைப் புதைக்கிறார்கள் என்று கேட்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பனங்கொட்டையே, பொறுமைக்காகவும் உனக்குக் கடன்பட்டிருக்கிறேன். ‘வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்கிறதோ’ என்று எங்கள் ஊரில் கேட்பார்கள். பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள், சிலவேளை அதற்கும் மேல் காத்திருந்தால்தான் பாளை வரும். நட்டது ஆணா பெண்ணா என்பதே அப்போதுதான் தெரியும். ஆனாலும் யாரோ ஒருவர் உன்னை எங்கள் எல்லையில் புதைத்துவிட்டுப் போனார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அந்தப் பனையின் பழத்தைத்தான் நான் சூப்பினேன்.

பனங்கொட்டையே, ரொறன்ரோவிலும் லண்டனிலும் தமிழ்க் கடைகளில் ஒடியல் மா பைக்குள் அடைத்து விற்கிறார்கள். பனிக்குள்ளும் கூழ் காய்ச்சுகிறார்கள். அவர்களின் நன்றியையும் இதோடு சேர்த்துக்கொள்.

பனங்கொட்டையே, இந்த ஆவணியில் விழுந்ததில் பாதியைக் கிழங்குப் பாத்திக்கு எடுத்து வைத்திருக்கிறேன். மிச்சத்தை உரப்பையில் கட்டியாயிற்று. முதல் மழை பெய்ததும் பிள்ளைகளோடு போய்க் களப்புக் கரையில் எட்டெட்டு அடி விட்டுப் புதைப்பதாக ஏற்பாடு. மாடு மிதிக்காமல் முள் வைப்பது என் பொறுப்பு.

இப்படிக்கு,
உன்னால் வளர்ந்தவன்